உள் தாழ்ப்பாள்

அரசாங்கச் சம்பளம் வாங்கிய காலம் முழுக்க லியோனார்ட் கழிப்பறைகளைத்தான் வரைந்தார். கூட வேலை பார்த்த வரைவாளர்களுக்குப் பாலம், பள்ளிக்கூடம், கலெக்டர் பங்களா என்று கௌரவமான வேலைகள் போகும். இவர் மேசைக்கு மட்டும் விடுதிக் குளியலறை, பேருந்து நிலையக் கழிப்பிடம், ஆஸ்பத்திரி வார்டின் பின்பக்கம் என்று வந்து விழும். "லியோனார்ட் போட்டா தண்ணி தேங்காதுப்பா" என்று யாரோ ஒரு அதிகாரி என்றைக்கோ சொல்லிவிட்டுப் போக, அந்த நல்ல பெயர் ஓய்வு பெறும்வரை அவரை விடவே இல்லை. தரை எந்தப் பக்கம் சரிய வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், கம்பி எந்த உயரத்தில் இருந்தால் வயதானவர் தானாக எழுந்திருப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சொந்த வீட்டுக் குளியலறையை மட்டும், கட்டியவன் எப்படிக் கொடுத்தானோ அப்படியே விட்டு வைத்திருந்தார். ஆபீசில் பார்த்தது போதாதா, வீட்டுக்கு வந்தும் அதையேவா பார்ப்பது?

வீடு, சாந்தோமுக்கும் கச்சேரி சாலைக்கும் நடுவே ஒரு சந்தில், இரண்டாவது மாடி. மனைவி ஐரினும் அதே பங்குக் கோயில் பெண்தான். சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இவர் பென்சிலைப் பிடுங்கியவள். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் 'என்னங்க' வரவில்லை. 'லென்னி'யும் 'நீ'யும் நிலைத்துவிட்டன. ஒரு கான்வென்ட்டில் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தாள். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளைகளைத் தனியாக பாத்ரூம் போய்விட்டு, தனியாகக் கை கழுவி, தனியாக பெல்ட் மாட்டிக்கொண்டு வரப் பழக்குவதுதான் பாடத்தைவிடப் பெரிய வேலை என்பாள். அவளுக்குத்தான் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பிசியோதெரபி ஓரளவு கைகொடுத்தது. கம்பு ஊன்றி ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடந்தாள். இடது கையால் சாப்பிட்டாள். பேச்சு மெதுவாக, ஆனால் தெளிவாக வந்தது. குளியல்தான் பிரச்சினை. ஏஜென்சி மூலம் வந்த ஒரு பெண், குளிப்பாட்டுகிற நேரம் முழுக்கக் காதில் போனை இடுக்கிக்கொண்டு ஊர் வம்பு பேசினாள். நான்காம் நாளே ஐரின் அவளை அனுப்பிவிட்டாள். வேறு ஆள் தேடுவதற்குள் ஒருநாள், லியோனார்ட் மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில், அவளே பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

வழுவழுவென்ற பழைய தரை. விழுந்துவிட்டாள். லியோனார்ட் வந்து பார்த்தபோது உள்ளேயிருந்து முனகல்தான் கேட்டது. கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. பக்கத்து ஃபிளாட்காரரும் வாட்ச்மேனும் சேர்ந்து கதவை உடைத்தார்கள். உடைந்த கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே போனவர் லியோனார்ட் இல்லை, வாட்ச்மேன். ஒரு துண்டைத் தேடி எடுத்து லியோனார்ட் அவள் மேல் போடுவதற்குள் எல்லோரும் பார்த்தாயிற்று. எலும்பு எதுவும் முறியவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் அந்த வாட்ச்மேன் வேலையை விட்டுப் போகும்வரை ஐரின் பால்கனிப் பக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து குளிப்பாட்டுவது லியோனார்டின் வேலை ஆயிற்று. அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு, பக்கெட்டில் வெந்நீர் விளாவி, பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைப்பார். செயலற்ற கையைத் தூக்கித் தன் தோள்மேல் போட்டுக்கொண்டு சோப்பு தேய்ப்பார். குனிந்து காலைக் கழுவி, நிமிர்ந்து முதுகைக் கழுவி, துடைத்து, உள்பாவாடை நாடாவைக் கட்டி, நைட்டியை மாட்டி, கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பதற்குள் அவர் இடுப்பு இரண்டாகப் பிளந்துவிடும். அதற்குப் பிறகு அவர் குளித்து வர, மேசைமேல் காபி ஏடு படிந்து ஆறிக் கிடக்கும். சூடு பண்ணக்கூடச் சலிப்பாக இருக்கும். அப்படியே குடிப்பார். குளிப்பாட்டும் நேரம் முழுக்க ஐரின் கண்ணை மூடிக்கொண்டே இருப்பாள். சோப்பு படாமலிருக்க மூடிக்கொள்கிறாள் என்றே அவர் நினைத்திருந்தார்.

களைப்பு என்றால் ஒருநாள் களைப்பா அது? எலும்புக்குள் இறங்கிய களைப்பு. ஞாயிறு பூசையில் பிரசங்கம் ஆரம்பித்தால் கண் சொருகிவிடும். தன்னைப் பற்றிக் கேட்பவர்களிடம் "ஓடுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார். அதையும் சொல்லத்தானே வேண்டும்: அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளிக்கவும் தெம்பு வேண்டும் அல்லவா?

"நானே குளிச்சுக்கறேன் லென்னி" என்று நடுவில் அவள் கேட்காமல் இல்லை.

"விழுந்தா?" என்பார் இவர். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மகன் லாய்டுக்குப் பெருங்குடியில் வேலை, கே.கே. நகரில் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் மனைவி ஷில்பாவும் வந்திருந்தபோது, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அப்பா சுவரோடு சாய்ந்து நின்றதைப் பார்த்துவிட்டான்.

"டாடி, பாத்ரூமை மொத்தமா இடிச்சுட்டுப் புதுசா பண்ணிடலாம். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றான்.

ஷில்பா உடனே போனைத் திறந்தாள். கூரையிலிருந்து மழை மாதிரி கொட்டும் ஷவர், பின்னாலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி, சுவரில் தொங்கும் கமோட், கண்ணாடித் தடுப்பு என்று படம் படமாக வந்தது. "ஆஸ்பத்திரி மாதிரி கம்பியும் ஸ்டூலுமா வச்சுடாதீங்க மாமா. அத்தைக்கும் ஆசை இருக்காதா?" என்றாள்.

"புது பாத்ரூம் வந்துட்டா நானே குளிச்சுக்குவேன்" என்றாள் ஐரின். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகள் 'நான் பைலட் ஆவேன்' என்று சொல்லும்போது பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. ஐரின் சிரிக்கவில்லை.

ஓய்வு பெற்றபின் முதல்முறையாக லியோனார்ட் வரைபலகையைத் தூசி தட்டினார். எப்படியோ ஆடம்பரமும் வேண்டும், உபயோகமும் வேண்டும். மருமகளுக்கு மழை ஷவரை விட்டுக்கொடுத்தார். பதிலுக்குக் கையில் பிடிக்கும் ஷவரை வாங்கிக்கொண்டார். வெளிச்சக் கண்ணாடிக்குச் சரி என்றார். அதை உட்கார்ந்தபடி முகம் தெரியும் உயரத்துக்கு இறக்கினார். கம்பிகளுக்கு ஷில்பா பித்தளை நிறம் கேட்டாள். அது பரவாயில்லை, கம்பி என்று தெரியாமல் துண்டு போடும் தண்டு மாதிரியே அழகாக இருந்தது. ஆளைத் தாங்குகிறதா என்று மட்டும் தொங்கிப் பார்க்க வேண்டும் என்றார்.

தி. நகரில் ஒரு டைல்ஸ் கடையில் கூட வந்த மருமகளின் மானத்தை வாங்கினார் மனிதர். பளபளக்கும் மாதிரிகளை வரிசையாகக் காட்டிய பெண்ணிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்து அவள் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். அதை டைல்ஸ் மேல் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் ஏறி நின்று, குதிகாலைத் திருகிப் பார்த்தார். "சார், டிஸ்பிளே பீஸ் சார்" என்று அந்தப் பெண் பதறினாள். ஷில்பா வேறு யாரோ போலப் போய்க் குழாய்களைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக வழுக்கித் தோற்க, கடைசியில் மழையில் நனைந்த மண் நிறத்தில், சொரசொரப்பான ஒரு டைல்ஸ் அவர் குதிகாலைப் பிடித்து நிறுத்தியது. பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஷில்பாவே ஒப்புக்கொண்டாள்.

வேலை நடந்த நாட்களில் கே.கே. நகரில் மகன் வீட்டில் தங்கினார்கள். அங்கே குளியலறையில் கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஐரினையும் நாற்காலியையும் வைத்தால் லியோனார்டுக்கு இடமில்லை. கூண்டின் வாசலில் நின்று கையை மட்டும் உள்ளே நீட்டிக் குளிப்பாட்டினார். ஐரின் நனைந்ததைவிட அவர் அதிகம் நனைந்தார். முதல் நாள் மத்தியானமே வரைபடத்தைத் திருத்தினார்: கண்ணாடித் தடுப்பு கிடையாது. இரண்டு பேர் தாராளமாக நிற்க, குனிய, திரும்ப இடம் வேண்டும். அவள் உட்காரச் சுவரோடு ஒரு பெஞ்சு, எதிரே இவர் உட்காரச் சின்னதாக ஒரு திட்டு. கை ஷவரும் சோப்பு மாடமும் இவர் கைக்கு எட்டுகிற பக்கம். மனிதர் ராஜ மருத்துவமனையே கட்டிவிட்டார்.

வேலை எடுத்திருந்தவர் ஷாஹுல் ஹமீது. ராயப்பேட்டைக்காரர், வாய்க்குப் பூட்டே கிடையாது. திருத்திய வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இன்னா சார் இது, ரெண்டு பேர் குளிக்கிற ரூம் மாதிரி கீது?"

"ஆமா பாய். நான்தானே குளிப்பாட்டணும்."

"அது சரி. கதவுக்கு உள் தாப்பா எங்க வெச்சுக்கினுகீறீங்க? காணமே?"

"உள்ளே வேணாம். வெளியே ஒரு கைப்பிடி போதும். ஆஸ்பத்திரி வார்டுல நான் அப்படித்தான் போடுவேன்."

"உள் தாப்பா இல்லாத பாத்ரூமா? எங்க வூட்டு பொம்பளைங்க கால் வெக்க மாட்டாங்க சார்" என்று ஷாஹுல் ஹமீது சிரித்தார். லியோனார்டுக்குச் சிரிப்பு வரவில்லை. உடைந்த கதவும் அந்த முனகலும் காதில் கேட்டன. "வேணாம்னா வேணாம் பாய்" என்றார், கொஞ்சம் கடுமையாகவே.

வேலை முடிந்து வீடு திரும்பிய அன்று ஐரின் கம்பை ஊன்றிக்கொண்டு நேராகக் குளியலறைக்குத்தான் போனாள். இடது கையால் கம்பியைப் பிடித்தாள். பாதத்தை டைல்ஸில் தேய்த்துப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். பெரிய ஓட்டல் அறை மாதிரி மெல்லிய மஞ்சள் வெளிச்சம், முகம் பத்து வயது குறைந்து தெரிந்தது. சந்தோஷம் பொங்க லியோனார்ட் வாசலில் நின்றார். அவள் எழுந்து, கதவைச் சாத்தப் பார்த்தாள். அது சாத்திக்கொண்டது. அதன் உள்பக்கத்தைக் கையால் மேலிருந்து கீழாகத் தடவினாள். மறுபடி தடவினாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

"என்ன, பிடிக்கலையா?"

"நல்லா இருக்கு."

மறுநாளிலிருந்து புதிய பெஞ்சில் அவளை உட்கார வைத்து, புதிய திட்டில் தான் உட்கார்ந்து, குளிப்பாட்டினார். இடுப்புக்கு உண்மையிலேயே சுகமாக இருந்தது. ஐரின் முன்போலவே கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகு தானாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. 'ம்' என்பாள், 'போதும்' என்பாள். வயதான பெண்களுக்கு அப்படித்தான், வீடு மாறி வந்த அலுப்பு, என்று இவரே ஒரு காரணம் கண்டுபிடித்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

பங்குக் கோயிலில் தெரு வாரியாகக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று வைத்திருப்பார்கள். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, பாட்டுப் பாடி, அவரவர் குறைகளை வாய்விட்டு வேண்டுதலாகச் சொல்வார்கள். ஒருவர் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். அந்த மாதம் லியோனார்ட் வீட்டு முறை. ஜெபத்துக்கு வந்த கூட்டமா அது! பாதிப் பேர் பாத்ரூமைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். வரிசையில் நின்று பார்த்தார்கள். அன்பியத் தலைவி எவாஞ்சலின் அக்கா ஏதோ ஒரு குமிழைத் திருகி, மழை ஷவர் தலையில் கொட்டி, பட்டுப் புடவையோடு நனைந்து வந்தார். "ஜெபத்துக்கு முன்னாடியே ஞானஸ்நானம் ஆயிடுச்சு" என்று அவரே சிரித்தார். ஐரின் கொடுத்து வைத்தவள் என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். லியோனார்டுக்கு வெகு காலத்துக்குப் பிறகு நெஞ்சு நிமிர்ந்தது.

வேண்டுதல் நேரம் வந்தது. பேத்தியின் பரீட்சை, மருமகனின் விசா, முழங்கால் வலி என்று வரிசையாகப் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் எல்லோரும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். லியோனார்டும் பாதித் தூக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து ஐரின் பேசினாள். நோய் வந்தபிறகு அன்பியத்தில் அவள் வாய் திறந்ததே இல்லை. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"என் கணவர் லியோனார்டுக்காக" என்றாள் மெதுவாக. "என்னைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி ரொம்பக் களைச்சுப் போயிட்டார். அவருக்கு ஓய்வு கொடுங்க ஆண்டவரே. எனக்கு..." கொஞ்சம் நிறுத்தினாள். வார்த்தையைத் தேடுகிறாள் என்று நினைத்து எவாஞ்சலின் அக்கா அவள் கையைப் பிடித்தார். அவள் தேடவில்லை. "எனக்கு அந்தக் கதவுல ஒரு தாழ்ப்பாள் கொடுங்க. உள்பக்கம். யாரும் என்னைப் பாக்காம நான் குளிக்கணும். தினமும் கண்ணை மூடிக்கிட்டு உக்கார்றேன், வெக்கமா இருக்கு. இதுக்காக ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம். வாய்ப் பழக்கத்தில் லியோனார்டும் அதையே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முகம் சிவந்து போயிற்று. கேக்கும் டீயும் கொடுக்கும்போது யார் முகத்தையும் அவரால் பார்க்க முடியவில்லை. யாரும் இரண்டாவது கேக் கேட்கவும் இல்லை.

கடைசி ஆள் போனதும் வெடித்தார். "ஊரைக் கூட்டி வச்சுச் சொல்லணுமா அதை? என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"உன்கிட்ட சொன்னா 'விழுந்தா'ன்ற. ஆண்டவர்கிட்ட சொன்னேன், நீயும் சேர்ந்து 'கேட்டருளும்'ன்ன."

"அன்னிக்குக் கதவை உடைச்சப்ப எனக்கு உயிரே போயிடுச்சு ஐரின். உனக்குத் தெரியாது. நீ உள்ளே கிடந்த. நான் வெளியே நின்னேன்."

அவர் குரல் உடைந்தது. அவள் எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"அன்னிக்குத் தரை வழுக்குச்சு லென்னி. இப்ப நீ வழுக்காத தரை போட்டிருக்க. பிடிச்சுக்கக் கம்பி போட்டிருக்க. உக்கார பெஞ்சு போட்டிருக்க. ஊருக்கெல்லாம் போட்டியே, உன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை பேர் தனியா எழுந்து வந்திருப்பாங்க? என் விஷயத்துல மட்டும் உன் கம்பியை நீயே நம்பலையா?"

லியோனார்ட் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். அவளைப் பற்றிய பயம்தான் இத்தனை நாளும் தன்னை நிற்க வைத்திருக்கிறது, அது போய்விட்டால் தான் என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லவும் தெரியவில்லை. "ஷாஹுல் பாய்க்கு போன் பண்றேன்" என்று மட்டும் சொன்னார்.

ஷாஹுல் ஹமீது ஒரு தாழ்ப்பாளோடு வந்தார். உள்ளே இடது கையால் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். அவசரம் என்றால் வெளியிலிருந்து ஒரு காசைச் செருகித் திருப்பித் திறக்கலாம். கதவில் துளை போடும்போது வழக்கத்துக்கு மாறாக அவர் ஒன்றும் பேசவில்லை. கை ஷவரையும் சோப்பு மாடத்தையும் ஐரினின் இடது கைப்பக்கம் மாற்றச் சொன்னார் லியோனார்ட். எதிர்த் திட்டை மட்டும் இடிக்க முடியாது. அதில் துண்டும் நைட்டியும் வைத்துக்கொள்ளலாம் என்று ஐரின் சொன்னாள்.

"வெளியிலேருந்து திறக்குமா?" என்று கேட்டாள்.

"திறக்கும்" என்றார். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"திறக்க மாட்டியே?"

"நீ கூப்பிட்டாத்தான்."

மறுநாள் காலை அவள் உள்ளே போனாள். தாழ்ப்பாள் திரும்பும் சத்தம் கேட்டது. லியோனார்ட் சட்டைப்பையில் காசை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றார். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. 'ஐரின்' என்று வாய்வரை வந்ததை விழுங்கினார். பிறகு தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. ஏதோ பொத்தென்று கீழே விழுந்தது.

"ஐரின்!"

"சோப்பு. போய் காபி குடி, லென்னி."

போனார். காபி சூடாக இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றுகொண்டார். உள்ளே மறுபடி தண்ணீர் விழுந்தது, பிறகு துணி உரசியது, பெருமூச்சு கேட்டது, நைட்டி தலையில் மாட்டிக்கொண்டதுபோல ஒரு முணுமுணுப்பு கேட்டது. ஒவ்வொன்றையும் வெளியிலிருந்தே தன் கையால் செய்துகொண்டிருந்தார் அவர். இரண்டு தடவை காசை எடுத்தார், இரண்டு தடவை வைத்தார். கால் கடுத்தது. உட்காரத் தோன்றவில்லை.

கடைசியில் தாழ்ப்பாள் திரும்பியது. ஐரின் கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. நைட்டியின் பொத்தான்கள் துளை மாறிப் போயிருந்தன. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. இடது காதுக்குப் பின்னால், கழுத்துப் பக்கம், விரல் அகலத்துக்குச் சோப்பு நுரை கழுவப்படாமல் அப்படியே இருந்தது.

லியோனார்டின் கை தானாக எழுந்தது. பாதி வழியில் அதைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"நல்லா குளிச்சியா?" என்றார்.

"நல்லா குளிச்சேன்" என்று சொல்லிவிட்டு, அவள் நுரையோடு கூடத்துக்குப் போனாள்.